யுனைடெட் மெதடிஸ்ட் சபையில் கடைசி முடிவு யாருடையது? ஆனுவல் கான்ஃபரன்ஸுக்கு லே மெம்பராகப் போகிறேன், விளக்குங்களேன்

பனங்காட்டுப்பெண் (ஹூஸ்டன்):

எல்லோருக்கும் வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது நாகர்கோவில் பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். டெக்சாஸ் வந்தபோது வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த யுனைடெட் மெதடிஸ்ட் சபைக்குப் போக ஆரம்பித்து, அப்படியே உறுப்பினராகச் சேர்ந்து, பிள்ளைகள் ஹைஸ்கூல் போகிற அளவுக்கு வருடங்கள் ஓடிவிட்டன. பாடகர் குழு, ஓய்வுநாள் பாடசாலை இவற்றோடு என் வேலை முடிந்துவிடும், நிர்வாகப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

இந்த முறை எங்கள் சபையின் நிர்வாகக் கூட்டமான சார்ஜ் கான்ஃபரன்ஸில், வட்டாரத்துச் சபைகள் எல்லாம் வருடந்தோறும் கூடும் ஆனுவல் கான்ஃபரன்ஸுக்கு என்னை லே மெம்பராக, அதாவது சபையார் பிரதிநிதியாக, தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஊரில் அப்பா சேகரக் கமிட்டியில் இருந்தவர், டயோசிஸ் எலக்‌ஷன் வந்தால் எங்கள் வீட்டு வாசலில் செருப்பு விட இடமிருக்காது, அதனால் சபைத் தேர்தல் எனக்குப் புதிதில்லை. ஆனால் இங்கே யாருக்கு மேலே யார் என்பதே பிடிபட மாட்டேன் என்கிறது. சி.எஸ்.ஐ.யில் பிரதமப் பேராயர், சினாடு என்று ஒரு உச்சி தெரியும். இங்கே உலகம் முழுவதற்கும் தலைவர் யார் என்று சபையில் மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று பதில். ஒருவர் எல்லா அதிகாரமும் பிஷப் கையில்தான் என்கிறார். இன்னொருவர் பிஷப்புக்கு ஒரு ஓட்டுகூடக் கிடையாது என்கிறார்.

இதற்கிடையில் எங்கள் பாஸ்டரை மாற்றிவிட்டார்கள், ஜூலையில் புதியவர் வருகிறார். இதை முடிவு செய்தது யார், நான் கான்ஃபரன்ஸில் அதைப் பற்றி ஓட்டுப் போட முடியுமா? அப்புறம், பக்கத்து ஊர் சபை 2022இல் யுனைடெட் மெதடிஸ்ட் அமைப்பைவிட்டுப் பிரிந்து போனபோது பெரிய தொகை கட்டிவிட்டுத்தான் போனது. தாங்களே காணிக்கை போட்டுக் கட்டிய கோயிலுக்குத் தாங்களே ஏன் பணம் கட்ட வேண்டும்? தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள், அங்கே போய்ச் சும்மா கை தூக்கிவிட்டு வர எனக்கு மனமில்லை.


டாலஸ் தேவசகாயம்:

வாழ்த்துகள் சகோதரி. நான் பல வருடமாக லே மெம்பராகப் போய்வருகிறேன், எங்கள் சபையில் பாஸ்டர் சம்பந்தப்பட்ட கமிட்டியிலும் இருந்திருக்கிறேன். உங்களிடம் பேசிய இருவர் சொன்னதும் சரிதான்.

முதலில் தலைவர் விஷயம். யுனைடெட் மெதடிஸ்ட் சபைக்குத் தனி மனிதத் தலைவர் கிடையாது. மொத்தச் சபையின் பெயரால் பேசும் உரிமை ஜெனரல் கான்ஃபரன்ஸ் ஒன்றுக்குத்தான் உண்டு. அது நான்கு வருடத்துக்கு ஒரு முறை கூடும். அமெரிக்கா, ஆப்பிரிக்கா, பிலிப்பைன்ஸ், ஐரோப்பா என்று எல்லா இடத்திலிருந்தும் பிரதிநிதிகள் வருவார்கள், சரிபாதி குருமார், சரிபாதி சபையார். டிசிப்ளின் என்று ஒரு சட்டப் புத்தகம் இருக்கிறதே, அதைத் திருத்தும் அதிகாரம் அவர்களுக்குத்தான். பிஷப்மார் முறை வைத்து அங்கே தலைமை தாங்குவார்கள், ஆனால் ஓட்டு இல்லை. கூட்டம் அனுமதித்தால் ஒழிய விவாதத்தில் பேசவும் முடியாது.

சட்டத்துக்குப் பொருள் சொல்ல ஜுடிஷியல் கவுன்சில் இருக்கிறது, ஒன்பது பேர், குருமாரும் உண்டு சபையாரும் உண்டு. ஒரு பிஷப் ஆனுவல் கான்ஃபரன்ஸில் உட்கார்ந்து சட்டக் கேள்வி ஒன்றுக்குத் தீர்ப்புச் சொன்னால் அது தானாகவே இந்தக் கவுன்சிலின் பார்வைக்குப் போகும். அப்படி ஒரு கேள்வியை எழுத்தில் எழுப்பும் உரிமை உங்களுக்கும் உண்டு என்பதை நினைவில் வையுங்கள், பல லே மெம்பர்களுக்கு அதுகூடத் தெரியாது.

சரி, பிஷப்பின் அதிகாரம் எங்கே? ஒரே இடத்தில், ஆனால் பெரிய இடத்தில். எந்தப் பாஸ்டர் எந்தச் சபைக்கு என்று நியமிப்பது அவர்தான். ஒவ்வொரு மாவட்டத்துச் சபைகளையும் மேற்பார்க்கும் டிஸ்ட்ரிக்ட் சூப்பரின்டென்டென்ட்டுகள் (டி.எஸ்.) எல்லோரையும் சேர்த்துக் கேபினெட் என்பார்கள். குளிர்காலம் தொடங்கி வசந்தம் வரை கேபினெட் கூடிக் கூடிப் பேசும், கடைசியில் கையெழுத்து பிஷப்புடையது. உங்கள் சபையில் ஸ்டாஃப் பாரிஷ் கமிட்டி ஒன்று இருக்கும், ஐந்திலிருந்து ஒன்பது பேர். அவர்களைக் கலந்து பேச வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கலந்து பேசத்தான், ஒப்புதல் வாங்க அல்ல. பாஸ்டரின் சம்பளத்தை உங்கள் சார்ஜ் கான்ஃபரன்ஸ் தீர்மானிக்கும், ஆளைத் தீர்மானிக்காது. ஆகவே ஆனுவல் கான்ஃபரன்ஸில் உங்கள் புதிய பாஸ்டர் பற்றி ஓட்டு எதுவும் வராது, நியமனப் பட்டியலை அறிவிப்பார்கள், அவ்வளவுதான்.

இது ஏன் இப்படி என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். உங்கள் பாஸ்டர் உங்கள் சபையின் உறுப்பினர் அல்ல. அவருடைய உறுப்பினர் பதிவே ஆனுவல் கான்ஃபரன்ஸில்தான் இருக்கிறது. அவரைத் தேர்ந்தெடுத்து, சோதித்து, அபிஷேகம் பண்ண அனுமதித்து, தவறு செய்தால் விசாரித்து, ஓய்வூதியத்துக்கும் வழி செய்வது கான்ஃபரன்ஸ். அனுப்பும் இடத்துக்குப் போகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். நியமனமும் சட்டப்படி ஒவ்வொரு வருடத்துக்குத்தான், பத்து வருடம் ஒரே சபையில் இருப்பவரும் வருடா வருடம் மறுபடி நியமிக்கப்படுகிறவரே.

ஆனால் அந்தப் பிஷப்பை வைத்ததே கான்ஃபரன்ஸ்தான். 1784 கிறிஸ்துமஸ் சமயத்தில் பால்டிமோரில் அமெரிக்கப் போதகர்கள் கூடினார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இங்கிலாந்திலிருந்து தாமஸ் கோக்கை அனுப்பி, பிரான்சிஸ் ஆஸ்பரியைக் கண்காணிப்பாளராக நியமிக்கச் சொல்லியிருந்தார். வெஸ்லி சொல்லியே அனுப்பிய பதவி. ஆனாலும் ஆஸ்பரி, இங்கே இருக்கும் போதகர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தால்தான் ஏற்பேன் என்று நின்றுவிட்டார். ஏகமனதாகத் தேர்ந்தெடுத்த பிறகுதான் ஏற்றார். அதற்கப்புறம் அவர் குதிரையில் சுற்றிக்கொண்டு போதகர்களை இங்கும் அங்கும் மாற்றியதில் எவ்வளவு கண்டிப்பு என்று படித்தால் பயமாகவே இருக்கும், ஆனால் வேர் அந்த ஓட்டில் இருக்கிறது. எனக்கு இந்தச் சபை அமைப்பில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இன்றும் அமெரிக்காவில் பிஷப்பைத் தேர்ந்தெடுப்பது ஜூரிஸ்டிக்‌ஷனல் கான்ஃபரன்ஸ். நாட்டை ஐந்து பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள், டெக்சாஸ் சவுத் சென்ட்ரலில் வரும். அமெரிக்காவுக்கு வெளியே அந்த வேலையை, முன்பு சென்ட்ரல் கான்ஃபரன்ஸ் என்ற பெயரில் இருந்த அமைப்புகள் செய்கின்றன. இங்கே தேர்வானவர் ஆயுளுக்கும் பிஷப், ஓய்வு பெற்றாலும் பிஷப், எந்தப் பகுதிக்கு என்பது மட்டும் நான்கு வருடக் கணக்கில் மாறும்.

இந்த ஐந்து பகுதி ஏற்பாட்டுக்குப் பின்னால் வெட்கப்பட வேண்டிய ஒரு கதை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. 1844இல் அடிமை வைத்திருந்த ஜேம்ஸ் ஆண்ட்ரூ என்ற பிஷப்பை முன்னிட்டுச் சபை வடக்கு, தெற்கு என்று உடைந்தது. 1939இல் ஒன்றுசேர்ந்தபோது தென்பகுதியினர் தங்கள் பிஷப்பைத் தாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேட்டார்கள், அதற்காகத்தான் இந்தப் பகுதிகள் வந்தன. ஐந்து நிலப்பகுதிகள், ஆறாவதாகச் சென்ட்ரல் ஜூரிஸ்டிக்‌ஷன் என்று ஒன்று. அந்த ஆறாவது நிலத்தை வைத்துப் பிரித்தது அல்ல, கறுப்பினச் சபைகளை நிறத்தை வைத்து ஒதுக்கியது. 1968இல் இவாஞ்சலிக்கல் யுனைடெட் பிரதரன் என்ற சபையோடு இணைந்து இன்றைய சபை உருவானபோதுதான் அது ஒழிந்தது.

கோயில் கட்டட விஷயம்: உங்கள் சபையின் பத்திரத்தைப் பார்த்தால், இந்தச் சொத்து முழு மெதடிஸ்ட் சபைக்காகவும் டிரஸ்டில் வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு வாசகம் இருக்கும். வெஸ்லி காலத்திலேயே வந்த ஏற்பாடு. அவர் எழுதி வைத்த மாதிரிப் பத்திரம் இல்லாவிட்டால், ஓர் ஊரின் டிரஸ்டிகள் தங்களுக்குப் பிடிக்காத போதகரை வாசலிலேயே நிறுத்தி, கோயிலைச் சொந்தம் கொண்டாடியிருப்பார்கள். உங்கள் டிரஸ்டிகள் இன்று இடத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ நினைத்தால் சார்ஜ் கான்ஃபரன்ஸ் தீர்மானமும், பாஸ்டர், டி.எஸ். இருவரின் எழுத்து ஒப்புதலும் வேண்டும். 2019இல் செயின்ட் லூயிஸில் நடந்த ஜெனரல் கான்ஃபரன்ஸ் சிறப்புக் கூட்டம் இந்த டிரஸ்டிலிருந்து விடுபட்டு வெளியேறக் காலவரையறையோடு ஒரு வழி வைத்தது. சபைக் கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், கான்ஃபரன்ஸும் அதை அங்கீகரிக்க வேண்டும். பக்கத்து ஊர்க்காரர்கள் கட்டியது கட்டடத்தின் விலை அல்ல. அப்போர்ஷன்மென்ட் என்கிற பங்குத்தொகை, அதோடு போதகர்களின் ஓய்வூதியத்துக்கு அந்தச் சபை பொறுப்பேற்க வேண்டிய பங்கு, இவைதான் பெரும்பாலும். 2023 முடிவில் அந்த வழி மூடியபோது அமெரிக்காவில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்குச் சபைகள் போய்விட்டிருந்தன.


மட்டுநகர் ரஞ்சன் (லண்டன்):

தேவசகாயம் ஐயா விளக்கமாகச் சொல்லிவிட்டார். ஒன்று மட்டும் சேர்க்கிறேன், மெதடிஸ்த சபை என்றாலே பிஷப் இருப்பார் என்று நினைக்க வேண்டாம். நான் மட்டக்களப்பில் மெதடிஸ்த குடும்பத்தில் பிறந்து இப்போது இங்கிலாந்துச் சபையில் இருக்கிறன். இங்கே இன்றைக்கும் பிஷப் இல்லை. வருடா வருடம் கான்ஃபரன்ஸ் கூடும், அதுதான் உச்ச அதிகாரம். பிரசிடென்ட் ஒரு போதகர், வைஸ் பிரசிடென்ட் சபையாரில் ஒருவர் அல்லது டீக்கன், இரண்டு பேருக்கும் ஒரே ஒரு வருடம்தான். அடுத்த வருடம் வேறு ஆட்கள்.

இங்கே உயிர்நாடி சர்க்யூட். சில சபைகள் சேர்ந்தது ஒரு சர்க்யூட், அதற்கு ஒரு சூப்பரின்டென்டென்ட் போதகர். எங்கள் ஊரில் சேகரம், முகாமைக்குரு என்று சொல்லுவம். போதகர்கள் எண்ணிக்கை குறைவு, சபைகள் கூட, அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிளான் என்று ஒரு அட்டவணை போடுவார்கள். எந்த ஞாயிறு எந்தக் கோயிலில் யார் பிரசங்கம் என்று அதில் கட்டம் கட்டமாக இருக்கும். என்னுடைய பெயரும் லோக்கல் பிரீச்சர் என்று அதில் வருகிறது. பகலில் ஒரு கணக்காளர், ஓர் ஆசிரியை, ஓய்வுபெற்ற தாதி, இப்படிப்பட்டவர்கள்தான் ஞாயிற்றுக்கிழமை பல கோயில்களில் பிரசங்கம் செய்கிறார்கள். இது இல்லாமல் இங்கே சபை ஒரு மாதம்கூட ஓடாது.

போதகரை இங்கேயும் கான்ஃபரன்ஸ்தான் அனுப்புகிறது, ஆனால் சர்க்யூட் ஸ்டூவர்ட்மார் (சபையாரிலிருந்து வரும் பொறுப்பாளர்கள்) தங்கள் தேவையை எழுதிக் கொடுத்து, வரப்போகிறவரைச் சந்தித்துப் பேசி, பிறகே அழைப்பு உறுதியாகும். முதல் அழைப்பு வழக்கமாக ஐந்து வருடத்துக்கு, செப்டம்பர் 1இல் தொடங்கும். உங்கள் முறையைவிட இதில் சபையாருக்குக் குரல் கூட என்று நான் நினைக்கிறன்.

ஐயா சொன்ன அதே தாமஸ் கோக்தான் இலங்கைக்கு மிஷனரிமாரைக் கூட்டிக்கொண்டு கப்பலேறி, 1814இல் நடுக்கடலில் இறந்துபோனார். கூட வந்தவர்கள் காலி நகரில் இறங்கி, யார் எந்த ஊருக்கு என்று பிரித்துக்கொண்டு யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று போனார்கள். இலங்கைச் சபை 1964இல்தான் தனக்கென்று ஒரு கான்ஃபரன்ஸ் உள்ள சுயாதீனச் சபை ஆனது. ஆகவே நாங்கள் பிரிட்டிஷ் கிளை, நீங்கள் அங்கே போய்ச் சேர்ந்தது ஆஸ்பரி வழி வந்த கிளை.


கிள்ளான் மேரி:

மலேசியாவிலிருந்து ஒரு சின்னக் குறிப்பு. எங்களுக்கு அமெரிக்க வழிதான், ஆனால் பிஷப் ஆயுளுக்கும் இல்லை. ஜெனரல் கான்ஃபரன்ஸ் நான்கு வருடத் தவணைக்குத் தேர்ந்தெடுக்கும், தவணை முடிந்தால் பதவியும் முடியும், மறுபடி தேர்வானால் தொடரலாம். அவருக்குக் கீழே ஆனுவல் கான்ஃபரன்ஸ்கள் பெரும்பாலும் மொழிவாரியாக இருக்கின்றன. ஆங்கிலத்துக்கு ஒன்று, சீனத்துக்கு இரண்டு, சரவாக்கில் இபான் மக்களுக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவர். சிங்கப்பூரிலும் இம்மானுவேல் தமிழ் ஆனுவல் கான்ஃபரன்ஸ் இருக்கிறது. 1976இல் இரண்டு நாட்டுச் சபைகளும் தனித்தனியாகும் முன், ஒன்றாக இருந்த காலத்தில் பிஷப்பாக இருந்தவர்களில் ஒருவர் டி. ஆர். துரைசாமி. தமிழிலேயே கூடி, தமிழிலேயே தீர்மானம் போட்டு, தமிழ்ப் போதகர்களை வளர்க்க ஓர் அமைப்பு நமக்கென்று இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தோட்டத்துச் சபையில் வளர்ந்த எனக்குத் தெரியும்.


அட்லாண்டா சாமுவேல்:

தேவசகாயம் அண்ணன் சொன்னது புத்தகப்படி சரி. நடைமுறையையும் சகோதரி தெரிந்துகொள்ள வேண்டும். கலந்து பேசுவது என்று டிசிப்ளினில் இருப்பது எங்கள் சபையில் ஒரு போன் காலாக வந்தது. "இவர் வருகிறார், சந்தோஷமாக வரவேற்போம்" என்றார்கள், முடிந்தது. எங்களுக்கு என்ன தேவை என்று முன்னமே யாரும் கேட்கவில்லை. வந்தவர் நல்லவர், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காணிக்கை கொடுத்து, பங்குத்தொகையும் கட்டுகிற ஜனங்களிடம் ஒரு வார்த்தை முறையாகக் கேட்பதற்கு என்ன தடை?

இன்னொன்று, ஆனுவல் கான்ஃபரன்ஸில் பாதி நேரம் அறிக்கைகளிலேயே போய்விடுகிறது. பட்ஜெட் வரும்போது எல்லோரும் களைத்துப்போய் இருப்பார்கள், அப்படியே கை தூக்கிவிடுவார்கள். அந்த நேரத்தில்தான் விழித்திருக்க வேண்டும்.


பனங்காட்டுப்பெண் (ஹூஸ்டன்):

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, ஒரு வாரமாகக் குழம்பியது இப்போது கொஞ்சம் தெளிகிறது. ரஞ்சன் அண்ணா சொன்ன பிளான் அட்டவணையைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

மூன்று கேள்விகள் மட்டும் பாக்கி. அப்படியானால் நான் ஓட்டுப் போடக்கூடியது எதற்கு, கூடாதது எதற்கு? சாமுவேல் பிரதர் சொன்ன கலந்து பேசுகிற விதியை மாற்ற வேண்டும் என்று என்னைப் போன்ற சாதாரண உறுப்பினர் எங்கே போய்க் கேட்பது? அப்புறம், ஊரில் மெதடிஸ்ட்டுகள் சி.எஸ்.ஐ.யில் சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் படித்தோம், வேப்பேரியில் மட்டும் எப்படி மெதடிஸ்ட் கோயில் தனியாக இருக்கிறது?


டாலஸ் தேவசகாயம்:

கடைசிக் கேள்விக்குச் சுருக்கமாக: 1947இல் சி.எஸ்.ஐ.யில் சேர்ந்தது பிரிட்டிஷ் வழி வந்த வெஸ்லியன் மெதடிஸ்ட்டுகள். அமெரிக்க வழி வந்தவர்கள் சேரவில்லை. அவர்கள் 1981இல் மெதடிஸ்ட் சர்ச் இன் இந்தியா என்று தன்னாட்சி பெற்றார்கள், வேப்பேரி இம்மானுவேல் கோயில் அந்தச் சபைதான்.

ஓட்டு விஷயம். வாசலில் பெயர் அட்டை தருவார்கள், அதை வைத்துத்தான் உள்ளே உட்கார முடியும். ஓட்டு உள்ளவர்கள் உட்காரும் பகுதிக்கு ஓர் எல்லை குறித்திருப்பார்கள், அதற்கு வெளியே உட்கார்ந்து கை தூக்கினால் கணக்கில் வராது, முதல் முறை போகிறவர்கள் சிநேகிதரோடு பார்வையாளர் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவது சகஜம். குருமார் எத்தனை பேரோ அத்தனை சபையாரும் இருக்க வேண்டும் என்பது விதி. பட்ஜெட், தீர்மானங்கள், கான்ஃபரன்ஸ் விதிகள், கமிட்டித் தேர்வு எல்லாவற்றுக்கும் உங்கள் ஓட்டும் பாஸ்டரின் ஓட்டும் ஒரே எடைதான். குருமாரின் அபிஷேகம், நடத்தை, அவர்களுடைய உறுப்பினர் நிலை, இவற்றில் மட்டும் உங்களுக்கு ஓட்டு இல்லை. அதற்கென்று அவர்கள் தனியாகக் கூடுவார்கள், போதகர்களைச் சோதிக்கும் போர்டிலும் விசாரணைக் கமிட்டியிலும் இருக்கும் சபையாருக்கு மட்டும் அதில் இடமுண்டு.

ஆனால் புதிய போதகர்களை நிறுத்திப் பிஷப் கேள்வி கேட்கும் நேரத்தைத் தவறவிடாதீர்கள். வெஸ்லி தன் போதகர்களிடம் கேட்ட அதே கேள்விகள். கிறிஸ்துவில் விசுவாசம் இருக்கிறதா, பூரணத்தை நோக்கிப் போகிறீர்களா என்று ஆரம்பித்து, ஊழியத்துக்கு இடைஞ்சலாகும் அளவுக்குக் கடன் இருக்கிறதா என்பதுவரை எல்லோர் முன்னிலையிலும் கேட்பார். படிப்புக் கடன் சுமந்து வரும் இளம் போதகர்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். சம்பளக் குறைந்தபட்சத்தை உயர்த்தும் தீர்மானம் வரும்போது அது உங்களுக்கு நினைவில் இருக்கட்டும்.

ஜெனரல் கான்ஃபரன்ஸுக்குப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் வருடம் வந்தால் அதுதான் உங்களுடைய மிகப் பெரிய ஓட்டு. சபையார் சபையாரையும், குருமார் குருமாரையும் தேர்ந்தெடுப்பார்கள். சபையின் அரசியல் சட்டத்தைத் திருத்துவதென்றால் இன்னும் நேரடி. ஜெனரல் கான்ஃபரன்ஸில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தாலும் போதாது, உலகம் முழுவதும் உள்ள ஆனுவல் கான்ஃபரன்ஸ் உறுப்பினர்கள் போட்ட ஓட்டு மொத்தத்திலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 2024இல் சார்லட்டில் கூடிய ஜெனரல் கான்ஃபரன்ஸ், உலகின் ஒவ்வொரு வட்டாரத்துச் சபையும் தனக்கேற்ற விதிகளை வகுத்துக்கொள்ளலாம் என்ற திருத்தத்தை நிறைவேற்றியது. அது அப்படித்தான் ஊர் ஊராக ஓட்டுக்கு வந்து, 2025 நவம்பரில் நிறைவேறியதாக அறிவித்தார்கள்.

இனி சாமுவேல் தம்பி சொன்ன குறை. அது உண்மை, நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்கு வழி இருக்கிறது. ஜெனரல் கான்ஃபரன்ஸுக்கு மனு அனுப்பும் உரிமை சபையின் எந்த உறுப்பினருக்கும் உண்டு, பிஷப் கையெழுத்தோ டி.எஸ். சிபாரிசோ தேவையில்லை. டிசிப்ளினின் எந்தப் பத்தியில் எந்த வரியை மாற்ற வேண்டும், என்ன வாசகம் வேண்டும் என்று குறிப்பிட்டு, கெடு தேதிக்குள் அனுப்ப வேண்டும். ஒரு மனுவில் ஒரு விஷயம்தான். நீங்கள் இருவரும் சேர்ந்தே வாசகத்தை எழுதலாம், ஆனுவல் கான்ஃபரன்ஸிலும் அதைத் தீர்மானமாகக் கொண்டுவந்தால் பலம் கூடும். அதற்கும் தனியாக ஒரு கெடு தேதி உண்டு, பெரும்பாலும் கூட்டத்துக்குப் பல வாரம் முன்பே முடிந்துவிடும். கான்ஃபரன்ஸ் செயலர் அலுவலகத்துக்கு இந்த வாரமே ஒரு மின்னஞ்சல் போட்டு அந்தத் தேதியைக் கேட்டு வையுங்கள். முன்கூட்டியே அனுப்பும் அறிக்கைப் புத்தகம் கைக்கு வந்ததும், கடைசியில் இருக்கும் பட்ஜெட் பக்கங்களிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். புரியாத வரி எது என்றாலும் இங்கே எழுதுங்கள், உட்கார்ந்து பார்த்துவிடலாம்.